ஏழாம் பதிப்பில் நீக்கியவை

முதலில் நட்சத்திரங்களை எடுத்தோம்.
வாக்கியத்துக்கு ஒன்று என்றிருந்தபோது
நான் போனேன், நான் வந்தேன், நான் போனேன் என்று அடித்தே
பிள்ளைகள் ஒரு பாடவேளைக்குள்
வானத்தைக் காலி செய்துவிட்டார்கள்.

பிறகு கைதட்டும் ஆந்தை.
வரைய எனக்கு மூன்று வாரம் ஆனது,
இறகு ஒவ்வொன்றும் தனி அடுக்கு.
சோதனைக்கு வந்த பையன் அதன் வயிற்றிலேயே குத்திக்கொண்டிருந்தான்.
அதுவும் சளைக்காமல் தட்டியது.
கதை "ஒரு ஊரில்" என்பதோடு நின்றது,
அதன் அடியிலும் "ஓர்" கேட்டு ஒரு சிவப்புக் கோடு.

அந்தக் கோடு ஜுன் ஹாவ் செய்தது.
தை செங்கில், ஆறாம் மாடியில், எனக்கு எதிர் மேசை.
தமிழ் தெரியாது அவனுக்கு.
திரையோரம் மஞ்சள் தாளில் ஒட்டி வைத்திருக்கிறான்:
ல, சுருண்டு படுத்த பூனை.
ள, எழுந்து நிற்கும் பூனை.
ழ, வாலைத் தொங்கவிட்ட பூனை.
இந்த மூன்று பூனைகளை வைத்து
எந்தப் பிழையும் தப்பாத வலை பின்னியிருந்தான்.
அதைக் காட்டித்தான் ஒப்பந்தமே கிடைத்தது.

செவ்வாய்க்கிழமை, யீஷூனில் ஒரு தொடக்கப்பள்ளி.
மூன்று வகுப்புகளிலிருந்து தமிழுக்கெனப் பிரிந்து
தண்ணீர்ப் புட்டிகளோடு வந்த இருபத்திரண்டு பேர்.
நான் கடைசி வரிசையில்.
எதுவும் சொல்லக் கூடாது, பார்க்கலாம், அதுதான் விதி.

ஹுமைரா ஒற்றை விரலால் அடிக்கிறாள்.
புதிய புளோக்கில் கதவு எண் தேடும்
பொட்டலக்காரர் மாதிரி
அந்த விரல் மாடி மாடியாக ஏறி இறங்குகிறது.

நேற்று எங்கள் புளோக்கில் மலை பெய்தது.

முற்றுப்புள்ளி விழுந்ததும் கோடு ஓடி வந்தது.
மலை நல்ல சொல்தான்.
ஆனால் மலை பெய்யாது என்று
நாங்கள்தான் அதற்குச் சொல்லிக்கொடுத்திருந்தோம்.
"மழை?" என்றது குமிழி, பணிவாக.

பதினொரு நொடி அவள் அசையவில்லை.
(எண்ணியது நானல்ல, பதிவேடு.)
பிறகு எல்லாவற்றையும் அழித்தாள்.
எனக்கு மழை பிடிக்கும், என்று அடித்துக் கையைத் தூக்கினாள்.
திரை பச்சையானது. பிழை இல்லை.

அன்றிரவு அலுவலகத்தில் யாருமில்லை.
குளிரூட்டியும் நின்றுவிட்டது.
அழித்தவற்றையும் பதிவேடு வைத்திருக்கும்.
அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன்,
பிழை என்று தெரிந்தும்,
எங்கள் வீட்டுச் சன்னலைச் சாத்திவிட்டு வந்தேனா என்று யோசித்தபடி.

கோட்டை எடுக்கச் சொன்னதும்
"உன் வேலையை நீயே எடுத்துவிடுவாய் போல" என்றார் மேலாளர்.
ஆசிரியர் செண்பகவல்லி இன்னும் நேராகக் கேட்டார்,
"தேர்வில் அரை மதிப்பெண் போகும். நீங்களா கொடுப்பீர்கள்?"
என்னிடம் பதில் இல்லை. இப்போதும் இல்லை.
கோட்டைக் கதை முடிந்த பிறகு,
பிள்ளை கேட்டால் மட்டும் வருமாறு ஒளித்துவைத்தோம்.
ஜுன் ஹாவ் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அடுத்த செவ்வாய். அதே விரல்.

மலை பெய்தது. முதலில் சின்னக் கல்.
அப்புறம் மரம். அப்புறம் பெரிய மரம்.
பதினோராம் மாடி ஆன்ட்டி துணி எடுக்க ஓடினார்.
மூங்கில் கழியில் ஒரு ஆடு நின்றது.
அது ஈரமாக இல்லை.

மணி அடித்துவிட்டது.
புட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்,
தெரிந்து எழுதினாளா, விரல் வழுக்கியதா
என்று கேட்க எனக்கு அனுமதி இல்லை.

ஜுன் ஹாவுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன்.
மஞ்சள் தாளைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.
"இது பிழையா, இல்லையா? பட்டியலில் என்ன போட?"
தெரியாது என்றேன்.
அப்படி ஒரு நிலை எங்கள் பட்டியலில் கிடையாது.
புதிதாக ஒன்று உருவாக்கினான்.

போகும்போது மின்தூக்கிக் கதவைக் கையால் தடுத்து,
"அந்த ஆட்டை யார் இறக்கினார்கள்?" என்றான்.
செவ்வாய் வரைக்கும் பொறு என்றேன்.